நாலு ட்ராக்கில் ஜெயித்து, கடையில் தேங்கிய ஆல்பம்: பீச் பாய்ஸின் ‘பெட் சவுண்ட்ஸ்’ (1966)

புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் சொந்தப் பாட்டில் ஆல்பம் போடத் துணிகிற குழுக்களுக்கு ஒரு பொதுவான வியாதி உண்டு. கல்யாணக் கச்சேரிகளில் சேர்த்த காசு முழுக்க ஸ்டூடியோ வாடகைக்கும் மிக்ஸுக்கும் போய்விடும். பாட்டு வெளியாகும் நாளில் ஒரு போஸ்டர், நாலைந்து வாட்ஸப் குரூப், அவ்வளவுதான். பதிவு அருமையாக இருக்கும், கேட்க ஆள் இருக்காது. பாப் இசையில் மிக உயரத்தில் வைத்துப் பேசப்படும் ஒரு ஆல்பத்துக்கே, அதுவும் பெரிய கம்பெனி கையில் இருக்கும்போதே, இது நடந்திருக்கிறது. அந்த ஆல்பத்தைப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்த ஆய்வு. பதிவில் என்ன சரியாக நடந்தது, வெளியீட்டில் எங்கே நழுவியது, இங்கே உள்ள ஒரு குழு அதில் எதை எடுத்துக்கொள்ளலாம் என்று பார்ப்போம்.

கலிஃபோர்னியாவின் பீச் பாய்ஸ் குழு பாடிய ‘பெட் சவுண்ட்ஸ்’ ஆல்பத்தை 1966 மே 16 அன்று கேப்பிடல் நிறுவனம் வெளியிட்டது. 13 பாட்டு, 36 நிமிடம் சொச்சம். இசை அமைத்து, வாத்திய ஏற்பாடு செய்து, தயாரித்த பிரையன் வில்சனுக்கு அப்போது வயது 23. ரோலிங் ஸ்டோன் இதழின் 500 ஆல்பப் பட்டியலில் 2003, 2012, 2020 என மூன்று முறையும் 2ஆம் இடம் இதற்குத்தான். 2004இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இதைத் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஆனால் வந்த ஆண்டில் அமெரிக்க விற்பனை வரிசையான பில்போர்டு பட்டியலில் 10க்கு மேல் ஏறவில்லை. விற்பனைக்கான தங்கச் சான்று 2000இல்தான் கிடைத்தது. டேப்பில் ஏறும்வரை ஏறக்குறைய எல்லா முடிவையும் ஒருவரே எடுத்தார். டேப் ஸ்டூடியோவை விட்டு வெளியே போன பிறகு ஒரு முடிவுகூட அவர் கையில் இல்லை. இந்த ஆய்வின் மையம் அதுதான்.

ஆல்பத்துக்கு முன்

பீச் பாய்ஸ் என்றால் கடல் அலை, சர்ஃபிங், கார், கோடை விடுமுறை என்று அமெரிக்க ரசிகர் மனதில் பதிந்துபோயிருந்த காலம் அது. 1964 டிசம்பரில் ஹூஸ்டன் போகும் விமானத்தில் வில்சனுக்கு மனநெருக்கடி வந்தது. அதன்பின் அவர் குழுவோடு ஊர் ஊராகப் போவதை நிறுத்திவிட்டு ஸ்டூடியோவிலேயே தங்கிவிட்டார். மேடையில் அவர் இடத்துக்கு 1965இல் ப்ரூஸ் ஜான்ஸ்டன் வந்தார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்குக் கடையில் சரக்கு வேண்டும் என்று கம்பெனி கேட்டது. வீட்டு விருந்தில் கிடாரோடு பாடியது போன்ற ஒரு ஆல்பத்தைச் சட்டென்று செய்து கொடுத்தார்கள். அதிலிருந்து வந்த ‘பார்பரா ஆன்’ 1966 தொடக்கத்தில் 2ஆம் இடம் வரை போனது. ரசிகர்கள் அடுத்ததாக எதிர்பார்த்தது அதே கூத்தைத்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியீட்டுப் பகுதிக்கு வரும்போது இது தேவைப்படும்.

1966 ஜனவரியில் குழு ஜப்பான் பயணம் போயிருந்தது. அந்த இடைவெளியில் வில்சன் விளம்பரப் பாட்டு எழுதிக்கொண்டிருந்த டோனி ஆஷரைக் கூட்டிவைத்துப் பாடல் வரிகளை எழுதினார். பின்னணி இசையைக் கூலிக்கு வாசிக்கும் ஸ்டூடியோ கலைஞர்களை வைத்தே பதிவு செய்யத் தொடங்கினார். குழு திரும்பி வந்தபோது அவர்களுக்குப் பெரும்பாலும் மிச்சமிருந்த வேலை பாடுவது மட்டும்தான்.

பதிவு முறை

அன்றைய சென்னை ஸ்டூடியோக்களில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக நின்று ஒரே டேக்கில் முடிப்பது வழக்கம். வில்சன் பாதி அப்படி, பாதி வேறு மாதிரி செய்தார். வாத்தியம் முழுவதும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் வாசிக்கப்பட்டது. குரல் மட்டும் பிறகு வந்தது.

வேலை நடந்த விதம் இது. லாஸ் ஏஞ்சலிஸின் வெஸ்டர்ன் ரெக்கார்டர்ஸ் 3ஆம் ஸ்டூடியோ சின்ன அறை. அதற்குள் பத்துப் பதினைந்து பேர். கன்சோலில் (ஒலி கலக்கும் மேசையில்) சக் பிரிட்ஸ். ட்ரம்ஸில் பெரும்பாலும் ஹால் பிளெய்ன், எலெக்ட்ரிக் பேஸில் கரோல் கே, நின்று வாசிக்கும் பெரிய பேஸில் லைல் ரிட்ஸ். வில்சன் ஒவ்வொருவரிடமும் போய் அவரவர் பகுதியைப் பாடிக் காட்டுவார். டேக் எடுக்கும்போதே ஒலி அளவு, எக்கோ எல்லாம் கன்சோலில் முடிவாகிவிடும். வாத்தியங்கள் நாலு ட்ராக், அதாவது நாலு தனி ஒலி வரிசை உள்ள டேப்பில் ஏறும். நல்ல டேக் அமைந்ததும் அந்த நாலு ட்ராக்கையும் கலந்து, இரண்டாவது இயந்திரத்தின் ஒரே ட்ராக்கில் மோனோவாக (இடம் வலம் பிரிக்காத ஒரே ஒலியாக) இறக்கிவிடுவார்கள். இதைத்தான் நம் ஊர் ஆபரேட்டர்களும் பவுன்ஸ் என்கிறார்கள். இரண்டாவது இயந்திரமும் நாலு ட்ராக் என்றால் குரலுக்கு 3 ட்ராக் மீதி. கொலம்பியா ஸ்டூடியோவில் எட்டு ட்ராக் இயந்திரம் இருந்ததால், பல பாட்டுகளுக்கு அங்கே போய்க் குரல் பதிவு செய்தார்கள். ஒன்றில் மொத்த இசை, மீதி ஏழில் குரல்.

இந்த முறைக்கு ஒரு விலை உண்டு. டேப்பை ஒரு தலைமுறை நகல் எடுத்தால் அதன் இரைச்சல் ஏறத்தாழ 3 டெசிபல் கூடும், ஏனென்றால் சம அளவுள்ள இரண்டு இரைச்சல்கள் ஒன்றோடொன்று சேர்கின்றன. கூடவே மேல் ஸ்தாயியின் பளிச்சென்ற ஓசை கொஞ்சம் மழுங்கும். ஆல்பத்தின் பின்னணி இசையில் ஒரு மெல்லிய மூட்டம் கேட்கிறதே, அதில் ஒரு பங்கு இந்த நகலால் வந்தது. இன்னொரு பங்கு அறையிலிருந்து வந்தது. பத்துப் பேர் நெருக்கியடித்து வாசித்தால் ஒருவர் மைக்கில் அடுத்தவர் சத்தம் விழாமல் இருக்காது. வில்சன் அதைத் தடுக்கவில்லை. அதை வைத்துத்தான் ஏற்பாட்டையே கட்டினார்.

இரண்டு வாத்தியங்களை ஒரே ராகவரிசையில் சேர்த்து வாசிக்கவைத்து, எது எது என்று பிரித்தறிய முடியாத மூன்றாவது ஓசை ஒன்றை உண்டாக்குவது அவர் கைவேலை. அதற்குப் பேஸ் ஒரு நல்ல உதாரணம். நின்று வாசிக்கும் பேஸ் அடியோசையைக் கொடுக்கும். அதே சுரங்களை எலெக்ட்ரிக் பேஸில் பிக் (கம்பி மீட்டும் சின்னத் தகடு) வைத்துத் தட்டினால் மேல்பக்கம் ஒரு ‘டக்’ கிடைக்கும். சின்ன ஸ்பீக்கரில் அடியோசை வரவே வராது. அந்த ‘டக்’ மட்டும் கேட்டால் போதும், பேஸ் எங்கே நடக்கிறது என்று காது தானாகவே பின்தொடரும். 1966இல் இது டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கும் கார் ரேடியோவுக்கும் உதவியது. இன்று போன் ஸ்பீக்கரிலும் அதே கணக்குதான்.

மோனோ என்பது வில்சனுக்கு வசதிக்கான தேர்வு மட்டுமல்ல. அவருடைய வலது காது கிட்டத்தட்ட கேட்காது. ஸ்டீரியோவின் இட வலப் பங்கீட்டை அவரால் சரிபார்க்கவே முடியாது. இடம் பிரித்து வைக்க வழியில்லாதபோது, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஸ்தாயியிலும் நேரத்திலும்தான் இடம் பிடித்துத் தரவேண்டும். ‘காட் ஒன்லி நோஸ்’ கேளுங்கள். தொடக்கத்தில் பிரெஞ்சு ஹார்ன் பாடும் உயரத்தில் வேறு எதுவும் நிற்காது. குரல் உள்ளே வந்ததும் அது ஒதுங்கிக்கொள்ளும். தாளம் சிம்பலில் இல்லை, சலங்கை மணியிலும் டாம்பரினிலும் ஓடுகிறது. சிம்பல் மோனோவில் பெரிய இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால் இந்த ஆல்பத்தில் அதன் வேலை குறைவு. இதைப் பாடிய பிரையனின் தம்பி கார்ல் வில்சனின் குரல் அவ்வளவு நெருக்கமாகக் கேட்பதற்கு, அந்த இடத்தை முன்கூட்டியே காலி செய்துவைத்ததே காரணம்.

ஓசைக்காக அவர் கையில் எடுத்த பொருள்களும் கவனிக்கத்தக்கவை. ‘கரோலைன், நோ’ பாட்டில் தொடக்கத்தில் கேட்கும் அந்தத் தட்டல் ட்ரம் அல்ல. ஹால் பிளெய்ன் ஒரு காலித் தண்ணீர்க் கேனைக் கவிழ்த்துவைத்துத் தட்டினார். ‘யூ ஸ்டில் பிலீவ் இன் மீ’ முகப்பில் பியானோவின் கட்டையை ஒருவர் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் உள்ளே கைவிட்டுக் கம்பியை நேரடியாகச் சுண்டினார். ‘ஐ ஜஸ்ட் வாஸ்ன்ட் மேட் ஃபார் தீஸ் டைம்ஸ்’ பாட்டில் பால் டேனர் வாசித்த எலெக்ட்ரோ தெரமின் என்ற மின்னணு வாத்தியம் வருகிறது. ‘வுட்ன்ட் இட் பி நைஸ்’ கோல்ட் ஸ்டார் ஸ்டூடியோவில் பதிவானது. அதன் மினுமினுக்கும் முகப்பு ஏ மேஜரில் தொடங்கி, ஒரே ஒரு ட்ரம் அடியில் எஃப் மேஜருக்கு விழுகிறது. கேட்பவரைத் தயார்ப்படுத்தாமல் சுருதி மாற்றினால் பெரும்பாலும் தப்பாகத்தான் ஒலிக்கும். இங்கே அந்த அடிக்கு முன்னும் பின்னும் சில கணம் எதுவுமே இல்லாததால்தான் காது அதை ஏற்றுக்கொள்கிறது.

‘கரோலைன், நோ’ பற்றி இன்னொன்று. முடிந்த டேப்பை அரைச் சுரம் கூடும்படி வேகமாக ஓட்டினார்கள். அந்த யோசனை வில்சனின் தந்தை மரியுடையது. அரைச் சுரம் என்றால் வேகத்தில் ஏறத்தாழ 6 சதவீதம். சுருதி மட்டுமல்ல, குரலின் வயதும் கொஞ்சம் குறைந்ததுபோல் ஆகும். இன்றைய மென்பொருளில் இதைச் செய்யப்போகிறவர்கள் வேகத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் ஏற்றும் கருவியைத் தொடாதீர்கள். அதில் இந்தக் குணம் வராது. டேப் போலவே வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் வேரிஸ்பீடுதான் வேண்டும்.

மாற்ற முடியாமல் போனவை

இந்த முறையில் பவுன்ஸ் செய்தபின் திரும்பிப் போக வழி இல்லை. அது எங்கே கெடுத்தது, எங்கே காப்பாற்றியது என்று பாட்டிலேயே கேட்கலாம்.

‘யூ ஸ்டில் பிலீவ் இன் மீ’ முதலில் சின்ன வயது நினைவுகளைப் பற்றிய வேறு வரிகளோடு இருந்தது. அதற்காகச் சைக்கிள் மணியும் ஹார்னும் சேர்த்தார்கள். பிறகு வரிகள் மாறிவிட்டன, காதல் பாட்டாகிவிட்டது. மணியும் ஹார்னும் மற்ற வாத்தியங்களோடு கலந்துபோனதால் எடுக்க முடியவில்லை. இன்றும் அந்தக் காதல் பாட்டில் சம்பந்தமே இல்லாமல் ஒரு சைக்கிள் மணி அடிக்கிறது. கேட்பவர்கள் அதை ஒரு புதுமையான யோசனையாகவே எடுத்துக்கொண்டார்கள். ‘ஹியர் டுடே’ நடுவில் வாத்தியம் மட்டும் வரும் இடத்தில் யாரோ பேசிக்கொள்வது கேட்கும். அதுவும் அப்படியே தங்கிவிட்டது.

குரல் தனியாக இருந்ததால் தப்பியது ஒன்று. ‘ஹேங் ஆன் டு யுவர் ஈகோ’ என்று எழுதிய பாட்டின் வரிகள் போதைப்பொருள் வாடையடிப்பதாகக் குழுவின் பாடகர் மைக் லவ் மறுத்தார். இசையைத் தொடாமலே வரிகள் மாற்றப்பட்டு ‘ஐ நோ தேர்ஸ் அன் ஆன்சர்’ ஆனது.

கடைசி மோனோ மிக்ஸ் ஓடும்போதே சில குரல்களை நேரடியாக அதன்மேல் பாடிச் சேர்த்தார்கள். அந்தக் குரல்கள் எந்த மல்டிட்ராக்கிலும் இல்லை. முப்பது ஆண்டு கழித்து ஒலிப்பொறியாளர் மார்க் லினெட் முதல்முறையாக உண்மையான ஸ்டீரியோ மிக்ஸ் செய்தபோது இது பெரிய தலைவலியானது. ‘வுட்ன்ட் இட் பி நைஸ்’ பாட்டின் நடுப்பகுதியில் மைக் லவ் பாடிய குரல் கிடைக்காமல், அங்கே பிரையன் குரலையே வைத்தார்கள். ‘பெட் சவுண்ட்ஸ் செஷன்ஸ்’ என்ற 4 வட்டுப் பெட்டியாக 1997இல் வெளிவந்தது அந்த வடிவம்தான். சரியான குரல் பின்னால் வந்த மறுவெளியீட்டில்தான் சேர்ந்தது. முடிவை அன்றே எடுப்பது நல்லது, ஆனால் எடுத்த முடிவின் பொருள்களைத் தனியாக வைக்காமல் விட்டது தவறுதான். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வெளியீடு

இங்கிருந்து வில்சன் கதையில் பார்வையாளர்தான்.

முதலில் சிங்கிள் வரிசை, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டாகத் தனியே விற்கும் சின்னத் தட்டுகள். மார்ச்சில் ‘கரோலைன், நோ’ குழுவின் பெயரில்லாமல் பிரையன் வில்சன் என்ற தனிப் பெயரில் வந்து 32ஆம் இடத்தோடு நின்றது. சோகமான பாட்டு, பழகாத பெயர். அதே மாதம் ‘ஸ்லூப் ஜான் பி’ வந்து 3ஆம் இடம் போனது. இது கரீபியன் நாட்டுப்பாடல், மற்றப் பாட்டுகளுக்கு முன்பே 1965இல் இசை பதிவாகத் தொடங்கியது, மற்றப் பன்னிரண்டோடு மனநிலையில் ஒட்டாது. வெற்றிப்பாட்டு ஒன்றாவது ஆல்பத்தில் இருக்கட்டும் என்ற கணக்கில் முதல் பக்கத்தின் கடைசியில் உட்கார்ந்தது. அங்கே அது இடறுகிறது என்பது எங்கள் கருத்து. விற்பனைக்கு அது தேவைப்பட்டது என்பதையும் மறுக்க முடியாது. ‘வுட்ன்ட் இட் பி நைஸ்’ சிங்கிளாக வந்தது ஜூலையில், அதாவது ஆல்பம் வந்து இரண்டு மாதம் கழித்து. அது 8ஆம் இடம். அதன் பின்பக்கமாக ‘காட் ஒன்லி நோஸ்’, அமெரிக்காவில் 39.

ஆல்பம் பதிவின் நடுவே, பிப்ரவரியிலேயே ‘குட் வைப்ரேஷன்ஸ்’ தொடங்கியாயிற்று. வில்சன் அதை முடியவில்லை என்று ஆல்பத்தில் சேர்க்காமல் வைத்துக்கொண்டார். அக்டோபரில் தனியாக வந்து அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது. அது ஆல்பத்தில் இருந்திருந்தால் விற்பனை வேறு மாதிரி போயிருக்கும். அந்த ஒரு முடிவை மட்டும் கம்பெனி தலையில் போட முடியாது.

ஆனால் பெரிய அடி கம்பெனியிடமிருந்துதான் வந்தது. மே 16 ஆல்பம், ஜூலை 5 அன்று ‘பெஸ்ட் ஆஃப் தி பீச் பாய்ஸ்’ என்ற பழைய வெற்றிப்பாட்டுத் தொகுப்பு. நடுவில் 50 நாள். ஒரே குழு, ஒரே கம்பெனி, ஒரே கடை அலமாரி. ஒன்றில் தெரிந்த பாட்டுகள், இன்னொன்றில் விலங்குக் காட்சிச்சாலையில் ஆடுகளுக்குத் தீனி போடும் படத்தோடு தெரியாத பாட்டுகள். வாடிக்கையாளர் எதை எடுப்பார்? தொகுப்பு 8ஆம் இடம் போனது, புது ஆல்பத்தைவிட இரண்டு படி மேல். கடைக்காரர் ஆர்டர் போடும்போது, விளம்பரத் தொகை ஒதுக்கும்போது, ரேடியோ நிலையத்துக்கு ஆள் போகும்போது எல்லாவற்றிலும் புது ஆல்பத்தின் பங்கைத் தொகுப்பு தின்றது.

இன்னொன்று, ஸ்டீரியோ என்ற பெயரில் விற்ற தட்டு. கேப்பிடல் மோனோ மாஸ்டரை எடுத்து டூயோஃபோனிக் என்ற செயற்கை ஸ்டீரியோவாக்கி விற்றது. ஒரு பக்கம் மேல்ஸ்தாயி கூடுதலாக, மறுபக்கம் கீழ்ஸ்தாயி கூடுதலாக, நடுவே சிறு கால இடைவெளி. ஸ்டீரியோ வாங்கிய வீடுகளில் முதலில் ஒலித்த ‘பெட் சவுண்ட்ஸ்’ இந்த வடிவம்தான். வில்சன் மாதக்கணக்கில் சமன் செய்த ஒலி அல்ல அது.

இரண்டு நாடு, இரண்டு வரவேற்பு

பிரிட்டனில் ஜூன் இறுதியில்தான் வந்தது. ஆனால் 2ஆம் இடம் வரை ஏறி, ஆறு மாதம் முதல் பத்துக்குள் நின்றது. ‘காட் ஒன்லி நோஸ்’ அங்கே சிங்கிளின் முன்பக்கம், 2ஆம் இடம். ஆண்டு இறுதியில் என்எம்இ என்ற பிரிட்டிஷ் இசை வார இதழின் வாசகர் வாக்கெடுப்பில் உலகின் சிறந்த குரல் குழுவாக பீட்டில்ஸைத் தள்ளி பீச் பாய்ஸ் வந்தது.

பாட்டு ஒன்றே. வித்தியாசம், அதை யார் கையில் முதலில் கொடுத்தார்கள் என்பதில். மே மாதமே ப்ரூஸ் ஜான்ஸ்டன் தட்டோடு லண்டன் போனார். ஹோட்டல் அறையில் ஜான் லென்னனுக்கும் பால் மெக்கார்ட்னிக்கும் போட்டுக் காட்டினார். பீட்டில்ஸுக்குப் பத்திரிகைத் தொடர்பு பார்த்த டெரெக் டெய்லர் இப்போது பீச் பாய்ஸுக்கு வேலை செய்தார். பிரையன் வில்சன் ஒரு மேதை என்ற பேச்சை எழுத்தாளர்களிடம் ஓயாமல் கொண்டுபோனவர் அவர். தட்டு கடைக்கு வரும் முன்பே அதைப் பற்றிப் பேசும் கூட்டம் தயாராக இருந்தது. மெக்கார்ட்னி அடுத்த ஆண்டு வந்த ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆல்பத்துக்கு இதுவே உந்துதல் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். வில்சனை இதற்குத் தூண்டியதே பீட்டில்ஸின் ‘ரப்பர் சோல்’ என்பது தனிக் கணக்கு.

அமெரிக்காவில் அப்படி யாரும் இல்லை. ‘பார்பரா ஆன்’ கேட்டுக் கைதட்டிய அதே பிள்ளைகளிடம், ஒரு விளக்கமும் இல்லாமல், பெரும்பாலும் தனிமையைப் பேசும் ஒரு ஆல்பத்தை நீட்டினார்கள். அதோடு 50 நாளில் அவர்கள் கேட்டதையே இன்னொரு உறையில் கொடுத்தும் விட்டார்கள். இதைத் தோல்வி என்று சொல்வதும் முழுச் சரியல்ல, முதல் பத்துக்குள் வந்த ஆல்பம் அது. ஆனால் முந்தைய ஆல்பங்களின் விற்பனையோடு ஒப்பிட்டவர்களுக்கு அது இறக்கமாகத் தெரிந்தது.

இங்கே செய்து பார்க்க

புதுச்சேரியில் இந்த முறையை அப்படியே ஒரு பாட்டுக்கு முயல டேப் தேவையில்லை. 8 இன்புட் உள்ள ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் கருவி), 6 முதல் 8 மைக், ஒரு பெரிய அறை போதும்.

நேரம் முதலில். லாஸ்பேட்டையோ முத்தியால்பேட்டையோ, ஆடி மாதம் என்றால் குழாய் ஸ்பீக்கருக்குப் பயந்துதான் ஆகவேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. லைவ் டேக்குகளை அந்த நேரத்தில் வையுங்கள். காக்கையும் இருக்காது. ஏசி, மின்விசிறி டேக் ஓடும்போது அணைந்திருக்க வேண்டும். அதனால் டேக் 4 நிமிடத்தைத் தாண்டினால் எல்லோரும் வியர்த்து வழிவார்கள், டேக்குகளுக்கு நடுவே ஏசி போடுங்கள். மின்சாரம் போனால் பத்துப் பேர் டேக் போய்விடும், யூபிஎஸ் இல்லாமல் தொடங்கவேண்டாம். இன்வர்ட்டர் வைத்திருந்தால் அது சைன் வேவ் வகையா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவ் என்றால் கிடாரில் ‘ஙொய்’ என்ற உறுமல் நிச்சயம்.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மிருதங்கமும் தபலாவும் சுருதி இறங்கிக்கொண்டே போகும். ஆர்மோனியத்தின் ரீடு மாறாது. ஆகவே ஆர்மோனியத்தை, இல்லையென்றால் கீபோர்டை ஆதாரமாக வைத்து இரண்டு டேக்குக்கு ஒருமுறை தோல் வாத்தியங்களைச் சரிபார்க்கவேண்டும். பிறகு பார்க்கலாம் என்று விட்டால், பவுன்ஸ் செய்தபின் ஒன்றும் செய்ய முடியாது.

மைக் வைப்பதில்தான் மோனோ காலை வாரிவிடும். ஒரே ட்ரம்மை இரண்டு மைக் பிடிக்கின்றன, ஒன்று மற்றதைவிட 34 செ.மீ. தள்ளி இருக்கிறது என்றால், சத்தம் அங்கே போக ஏறத்தாழ 1 மில்லி செகண்ட் தாமதம். இரண்டையும் சம அளவில் மோனோவில் கலந்தால் 500 ஹெர்ட்ஸிலும், 1500, 2500 ஹெர்ட்ஸிலும் பள்ளம் விழும். ஓசை டப்பாவுக்குள் போனதுபோல் ஆகும். இரண்டு மைக்குகளுக்கு இடையே உள்ள தூரம், ஒவ்வொன்றும் தன் வாத்தியத்திலிருந்து இருக்கும் தூரத்தைப்போல மூன்று மடங்காவது இருந்தால் இது பெரும்பாலும் அடங்கும். அதற்கு அறையில் இடமில்லை என்றால் மைக்கைக் குறையுங்கள். எட்டு மைக்கைவிட நான்கு மைக் மோனோவில் சுத்தமாக இருக்கும்.

எக்கோவுக்குப் புதுச்சேரியின் பிரெஞ்சுக் காலப் பகுதியான வெள்ளை நகரத்துப் பழைய வீடுகள் சிலவற்றின் மாடிப்படிக் கூடம் நல்ல இடம். சுண்ணாம்புப் பூச்சு, உயர்ந்த கூரை, கல் தரை. ஒரு மூலையைப் பார்த்து ஸ்பீக்கரை வைத்து, எதிர் மூலையில் ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி மைக்கை வையுங்கள். அனுப்பும் ஒலியில் 600 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் முழக்கம் சேராது. கோல்ட் ஸ்டாரும் வெஸ்டர்னும் செய்தது இதே வேலைதான், கணினிக்குள் இருக்கும் எக்கோ அல்ல, உண்மையான அறை.

பிறகு பவுன்ஸ். இசை முழுவதையும் மோனோவாக இறக்கி, புதிய செஷனில் அந்த ஒரு கோப்பையும் குரலுக்கு ஏழு காலி ட்ராக்குகளையும் மட்டும் வையுங்கள். பழைய செஷனைத் திறக்கக் கூடாது என்று முன்பே பேசி வையுங்கள். இரவு இரண்டு மணிக்குக் கட்டாயம் ஒருவர் கேட்பார்: “அண்ணே, அந்தக் கீபோர்டை மட்டும் கொஞ்சம் கம்மி பண்ணுங்களேன்.” கம்மி பண்ணக் கூடாது. குரலை அதற்கேற்ப எழுதிக்கொள்ளுங்கள், கோரஸ் ஹம்மிங்கை வேறு சுரத்தில் வையுங்கள். இந்த முறை கட்டாயப்படுத்துவதே அதைத்தான். ஆனால் பழைய செஷன் கோப்புகளை அழிக்காமல், தனித்தனி ட்ராக்குகளாக ஏற்றுமதி செய்து இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். 2011இல் தானே, 2024இல் ஃபெஞ்சல் என்று புயலும் வெள்ளமும் பார்த்த ஊர் இது.

முடிந்த மிக்ஸை ஒரு போன் ஸ்பீக்கரில், ஒரு ஆட்டோவில், ஒரு கல்யாண மண்டப மைக் செட்டில் போட்டுக் கேளுங்கள். மூன்றிலும் பேஸ் எங்கே நடக்கிறது என்று தெரிந்தால் போதும். “தம்பி, பேஸே கேக்கல” என்று மண்டபத்தில் சொன்னால் அடியோசையை ஏற்றாதீர்கள், 700 முதல் 1500 ஹெர்ட்ஸ் பகுதியில் பிக் சத்தத்தை ஏற்றுங்கள். ஆன்லைன் தளங்கள் ஒலி அளவை ஏறத்தாழ மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமன்படுத்துவதால், அதைவிட அதிகமாக நசுக்கி அனுப்புவதில் ஆதாயமில்லை.

வெளியீட்டுக்கு வில்சனிடம் பாடம் கேட்கவேண்டாம், லண்டனிடம் கேளுங்கள். ஆல்பம் வரும் முன்பே அதை முழுதாகக் கேட்ட இருபது பேர் ஊரில் இருக்கவேண்டும். வாசிப்பவர்கள், எழுதுபவர்கள், ஆரோவில் சாலை கஃபேக்களில் பாட்டு போடுபவர்கள். ஸ்பாட்டிஃபையில் பிளேலிஸ்ட் பரிசீலனைக்கு அனுப்ப வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே கோப்பு போய்ச் சேரவேண்டும். விநியோகத் தளத்துக்கு நாலு வாரம் கொடுங்கள். ஜூன் 21 ஃபெத் தெ லா மியூசிக் என்ற பிரெஞ்சு இசைத் திருவிழா நாளில் ஊரே தெருவில் நின்று பாட்டுக் கேட்கிறது. அன்று புதிதாக வெளியிடுவதைவிட, அதற்கு மூன்று வாரம் முன்பே வெளியிட்டு, அன்று மேடையில் பாடும்போது கூட்டத்தில் பத்துப் பேருக்காவது வரி தெரிந்திருப்பது மேல்.

இன்னொன்று, அந்த 50 நாள். கல்யாணக் கச்சேரியில் பாடிய பழைய சினிமாப்பாட்டுக் கலவையைக் குழுவின் அதே பக்கத்தில் ஆல்பம் வந்த மாதமே ஏற்றுகிறவர்கள் நிறையப் பேர். அது பத்து மடங்கு ஓடும். தளத்தின் கணக்கு, இந்தக் குழுவிடம் மக்கள் கேட்பது இதைத்தான் என்று முடிவு செய்து அதையே முன்னால் தள்ளும். கேப்பிடல் செய்த அதே வேலையை இங்கே குழுவே தனக்குத் தானே செய்துகொள்கிறது. மூன்று மாதமாவது அந்த வீடியோக்கள் பொறுத்திருக்கட்டும், இல்லையென்றால் வேறு பெயரில் வேறு பக்கத்தில் போகட்டும்.

பெயரும் பங்கும்

‘வுட்ன்ட் இட் பி நைஸ்’ முதல் தட்டில் வில்சன், ஆஷர் இருவர் பெயர் மட்டும் இருந்தது. தனக்கும் எழுத்தில் பங்குண்டு என்று மைக் லவ் வழக்குப் போட்டு, 1994இல் 35 பாட்டுகளுக்குப் பெயர் பெற்றார், இந்தப் பாட்டும் அதில் ஒன்று. பதிவாகி 28 ஆண்டு கழித்து.

குரல் பதிவு முடிந்த இரவே ஒரு தாளில் எழுதுங்கள்: பாட்டின் பெயர், வரி யார், மெட்டு யார், ஏற்பாடு யார், ஒவ்வொருவருக்கும் எத்தனை சதவீதம், கூலிக்கு வாசித்தவர் யார், அவருக்குக் கொடுத்த தொகை. கூட்டினால் 100 வரவேண்டும். எல்லோரும் கையெழுத்துப் போட்டு நாள் குறித்து, ஒரு போட்டோ எடுத்துக் குழுவுக்கு அனுப்பிவிடுங்கள். பாட்டு எழுதியவர்களுக்கு உரிமைத்தொகை வாங்கித் தரும் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் பாட்டைப் பதியும்போது அந்தத் தாளில் உள்ள அதே சதவீதத்தைப் போடுங்கள்.